பெரியாயி இம்பாலுக்குப் போகவில்லை

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டியின் அக்கா, வீட்டில் எல்லோருக்கும் பெரியாயி, நேதாஜி படையில், அதாவது சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில், இருந்தவர், பர்மாவில் வெள்ளைக்காரனோடு நேருக்கு நேர் நின்றவர், மணிப்பூரின் இம்பால் மலையில் துப்பாக்கி பிடித்தவர். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் யாராவது ஒரு மாமா இதை எடுத்துவிடுவார், ஒவ்வொரு தடவையும் பெரியாயி சுட்டுத் தள்ளிய ஆள் கணக்கு ஒன்றிரண்டு கூடும். பெரியாயி அங்கேயேதான் வெற்றிலையைத் தொடையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இல்லை என்றும் சொல்ல மாட்டார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார்.

பெரியாயி இம்பாலுக்குப் போகவில்லை. அவர் மட்டுமல்ல, அவர் இருந்த பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படை ஒரு படையாகப் போர்முனையில் இறக்கப்படவே இல்லை. பயிற்சி எடுத்தார்கள், பர்மா வரை போனார்கள், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள், குண்டுவீச்சில் மாட்டினார்கள், பின்வாங்கி நடந்தார்கள். எதிரியோடு அணிவகுத்து மோதும் நாள் அவர்களுக்கு வரவில்லை. இதைச் சொன்னால் மாமாக்களுக்குக் கோபம் வருகிறது, ஏதோ பெரியாயியைக் குறைத்துவிட்டதுபோல. ஆனால் "சுட்டாரா, சுடவில்லையா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் விளக்க வேண்டிய விஷயம் விட்டுப்போகிறது என்று எனக்குப் படுகிறது. இந்தியாவை ஒரு நாள்கூடப் பார்த்திராத, மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த, பதினேழு வயதுப் பெண் எதற்காக அந்த நாட்டுக்குப் போர் செய்யக் கிளம்பினார்?

அதற்குத் தோட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மலாயாவுக்குத் தமிழர்கள் ஆள் சேர்க்கும் கங்காணி மூலமாகக் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். வந்த பிறகு அவர்கள் வாழ்ந்த உலகம் எவ்வளவு சின்னது என்பதுதான் வெளியே இருப்பவர்களுக்குப் பிடிபடாது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார், பிறகு பால்வெட்டு, தன் பங்கு மரவரிசையான நிரை முடிந்ததும் பாலைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடை, சம்பளத்தன்று தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. மேலே வெள்ளைக்கார மேலாளரான துரை, நடுவில் கிராணி, வேலை வாங்கும் தண்டல், கங்காணி, அடியில் லயம். லயத்து ஆள் சைக்கிளில் போகும்போது எதிரில் துரையோ கிராணியோ வந்தால் இறங்கி, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கட்டுக்கதை இல்லை. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, தமிழ்ப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடுவது இவற்றோடு, சைக்கிளில் இருந்து இறங்காமல் போகும் உரிமையும் இருந்தது, தோட்டத்துப் பெண்களிடம் மேலாளர்கள் கைவைப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. பதிலாக ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள், வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அதே வருஷக் கடைசியில், டிசம்பர் 8ஆம் தேதி, ஜப்பான்காரர்கள் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. எழுபதே நாள். யாருக்குப் பயந்து சைக்கிளில் இருந்து இறங்கினார்களோ அந்தத் துரைமார் பங்களாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியதைத் தோட்டத்து ஜனம் கண்ணால் பார்த்தது. இதை ஒரு திருப்புமுனை என்று பெரிதாக எழுதுவார்கள். பெரியாயி சொன்னது இவ்வளவுதான்: "தொரைச்சி நாய அவுத்து விட்டுட்டுப் போயிட்டா. அது ரெண்டு நாளு கத்துச்சு."

அப்புறம் பசி. ரப்பரை வாங்க ஆளில்லை, சம்பளமில்லை, பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றுபோனது. ஜப்பான்காரன் காலத்தில் பிழைத்தவர்கள் எவரையும் மரவள்ளிக் கிழங்கைச் சிரித்துக்கொண்டு தின்ன வைக்க முடியாது. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு மூட்டையாகக் கிடந்தது, அதை வைத்து வாங்கத்தான் ஒன்றும் இல்லை. போதாததற்குச் சயாம் ரயில். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் அறுத்துப் போட்ட பாதை. அதற்குப் போர்க்கைதிகளை இழுத்துக்கொண்டு போனதைத்தான் உலகம் பேசுகிறது. தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் செத்து, பேர்கூட எழுதப்படாமல் புதைந்தார்கள். நல்ல கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் முதலில் கூட்டிப்போனார்கள், பிறகு ஆள் சேராதபோது பிடித்துப்போனார்கள். பெரியாயியின் அண்ணன் அப்படிப் போனவர். வரவில்லை.

இந்த நிலையில்தான் 1943 ஜூலை 2ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கினார். இரண்டு நாள் கழித்து, ராஷ் பிஹாரி போஸிடமிருந்து, தென்கிழக்காசிய இந்தியர்களின் அமைப்பான இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். ஜூலை 9 அன்று பாடாங் திடலில் பெருங்கூட்டம். ஆள், பணம், பொருள் எல்லாம் வேண்டும் என்று கேட்டவர், பெண்களின் படை ஒன்றும் வேண்டும் என்றார், 1857இல் வாளேந்திய ஜான்சி ராணியின் பெயரில். மூன்றே நாளில், ஜூலை 12 அன்று, பெண்கள் கூட்டத்துக்கு வந்தவரை இருபது பெண்கள் துப்பாக்கியோடு அணிவகுத்து வரவேற்றார்கள். அதை ஏற்பாடு செய்தவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1940இல் சிங்கப்பூருக்கு வந்து பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்போது வயது 28. அந்த இருபது பேரும் புடவை கட்டியிருந்தார்கள். கையில் லீ என்ஃபீல்ட் துப்பாக்கி, நாலு கிலோ எடை. முந்தானை தோளில் நிற்க வேண்டும், துப்பாக்கியும் கையில் நிற்க வேண்டும். சும்மா ஒரு தடவை நாலு கிலோ அரிசிப் பையைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், அந்த மூன்று நாள் ஒத்திகை எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

ஜப்பானியர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பெண்களுக்கு எதற்கு ஆயுதம், ரேஷன், கட்டடம் என்று கையை விரித்தார்கள். லீக் தன் பணத்தில், சிங்கப்பூர் இந்தியர்கள் கொடுத்த பணத்தில், இடத்தைச் சரிசெய்துகொண்டது. அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்திய அரசு என்று ஒன்றைப் போஸ் அறிவித்தார், லட்சுமி அதில் பெண்கள் துறை அமைச்சர். மறுநாள் வாட்டர்லூ தெருவில் முகாம் திறந்தது. பிறகு ரங்கூனிலும் பாங்காக்கிலும் முகாம்கள்.

யார் சேர்ந்தார்கள் என்பதில் இரண்டு அடுக்கு இருக்கிறது, இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எதுவும் விளங்காது. ஒரு அடுக்கு, பட்டணத்துப் பெண்கள். கோலாலம்பூர் ஜானகி தேவர், பதினெட்டு வயது, வசதியான வீடு. போஸ் பேசியதைக் கேட்டு அங்கேயே காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர், பின்னால் படையில் லட்சுமிக்கு அடுத்த இடத்துக்கு வந்தவர். ஈப்போவில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்து ராசம்மா, பதினாறு வயது, அக்கா பொன்னம்மாவோடு சேர்ந்தே போனார். இவர்களுக்கு இங்கிலீஷ் தெரியும், இந்தியாவில் என்ன நடக்கிறது என்று படித்திருந்தார்கள், அதிகாரிகளானார்கள். இன்னொரு அடுக்கு, தோட்டத்துப் பெண்கள். சிப்பாய்களில் பெரும்பகுதி இவர்கள்தான், பெரும்பகுதி தமிழ். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம். மொத்தம் எத்தனை பேர் என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது, ஆயிரம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு, அதில் பாதிகூடத் தேறாது என்று எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு.

தோட்டத்துப் பெண் சேர்ந்ததற்குத் தேசபக்தி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன், தேசபக்தியே இல்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டேன். லயத்தில் இருந்தால் பசி, ஜப்பான் சிப்பாய் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம், முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு பரணில் ஒளிந்த கதைகள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கும். முகாமில் சாப்பாடு இருந்தது, வாசலில் காவல் இருந்தது. அண்ணன்தம்பி நேதாஜி படையில் சேர்ந்தால் சயாமுக்குப் போக வேண்டியதில்லை என்ற கணக்கு ஆண்களுக்கு இருந்தது, ஏதோ ஒரு கணக்கு பெண்களுக்கும் இருந்திருக்கும். ஆனால் பசிக்காகப் போனவள் பசி தீர்ந்ததும் ஓடிவந்திருக்கலாம். இவர்கள் ஓடவில்லை. போர்முனைக்கு அனுப்புங்கள் என்று ரத்தத்தில் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள் என்று அந்தப் படையில் இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

சேர வேண்டுமானால் கல்யாணமாகாதவளுக்கு அப்பா, ஆனவளுக்குப் புருஷன், ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். உலகத்தின் மிகத் துணிச்சலான பெண்கள் படைக்கும் நுழைவாயிலில் ஓர் ஆணின் கையெழுத்து! ஜானகியின் அப்பாவைச் சம்மதிக்க வைக்க லட்சுமியே வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பெரியாயியின் தகப்பனார் கைநாட்டு வைத்தார், சும்மா வைக்கவில்லை, இரண்டு நாள் பட்டினி கிடந்து வாங்கியதாகச் சொல்வார். "சோறே இல்லாத வீட்ல பட்டினி கெடந்தா யாருக்குத் தெரியும்" என்று அதற்கு ஒரு சிரிப்பும் உண்டு.

முகாமுக்குள் வேறு உலகம். காக்கிக் கால்சட்டை, காக்கிச் சட்டை, தொப்பி. தலைமுடியை நிறையப் பேர் வெட்டிக்கொண்டார்கள். விடியலில் கொடி, உடற்பயிற்சி, அணிவகுப்பு, பிறகு துப்பாக்கி, துப்பாக்கி முனைக் கத்தி, இயந்திரத் துப்பாக்கி, இரவு நடை. மொழி இந்துஸ்தானி, ரோமன் எழுத்தில். அதாவது தமிழே எழுதத் தெரியாத பெண்ணுக்கு ஏபிசிடி சொல்லிக்கொடுத்து அதன் வழியாக இந்துஸ்தானி. பெரியாயிக்குக் கடைசிவரை ரோமன் எழுத்தில் தன் பெயர் போட வந்தது, தமிழில் வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அவர் மாவு இடிக்கும்போது வாய்க்குள் "ஏக், தோ, ஏக், தோ" என்று ஓடிக்கொண்டிருக்கும். போர்வையை மடிப்பதைப் பார்க்க வேண்டும். நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று, ஓரத்தைக் கையால் ஒரு நீவு, அப்படியே கட்டிலின் தலைமாட்டில், தினமும் அதே இடத்தில். நாங்கள் அதைக் கலைத்துவிட்டு ஓடினால் திட்ட மாட்டார். திரும்ப முதலிலிருந்து மடிப்பார்.

சாதி பார்த்துப் பந்தி பிரிப்பது அங்கே இல்லை. பஞ்சாபிப் பெண்ணும், மலையாளப் பெண்ணும், லயத்துப் பெண்ணும், கிராணி மகளும் ஒரே வரிசையில் தட்டோடு நின்றார்கள். கோயில் திருவிழாவில்கூட யார் எங்கே நிற்பது என்று பார்த்துப் பழகிய தோட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனாலும் அதிகாரி யார், சிப்பாய் யார் என்று பார்த்தால் படிப்பு வந்து குறுக்கே நின்றது, படிப்புக்குப் பின்னால் வர்க்கம் நின்றது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அதே யுத்தத்தில் எதிர்ப்பக்கமும் பெண்கள் சீருடை போட்டார்கள். இந்தியாவில் பிரிட்டிஷார் 1942இல் ஒரு பெண்கள் துணைப்படையை உண்டாக்கினார்கள், அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவும். அங்கெல்லாம் வேலை தட்டச்சு, தொலைபேசி, கணக்கு, கிடங்கு, வண்டி ஓட்டுவது. ஆண்களைப் போர்முனைக்கு விடுவிப்பதுதான் அடிப்படை எண்ணம், பெண் கையில் துப்பாக்கி அதில் இல்லை. ஜான்சி ராணி படை ஆரம்பத்திலிருந்தே சண்டைக்கென்று சேர்க்கப்பட்டது, செவிலியர் பிரிவு தனி. சண்டை நடந்ததா என்பது வேறு கேள்வி.

1944இல் அணி அணியாகப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். போனது எந்த வழி தெரியுமா? அதே சயாம் ரயில். சரக்குப் பெட்டியில், விமானத் தாக்குதலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரியில். முந்தைய வருஷம் அக்டோபரில்தான் பாதை முடிந்திருந்தது, பழுதுபார்க்கும் வேலைக்கென்று தமிழ்க் கூலிகள் இன்னும் ஓரத்தில் குடிசைகளில் கிடந்தார்கள். பெரியாயி தானாக வாய் திறந்து சொன்ன பர்மாக் கதை இது ஒன்றுதான். வண்டி எங்கோ நின்றபோது பெட்டிக் கதவை விலக்கிப் பார்த்தாராம், கோவணத்தோடு எலும்பும் தோலுமாய் ஆட்கள், ஒருத்தன் தமிழில் "எந்தத் தோட்டம்மா" என்று கேட்டானாம். இவர் சொன்னாராம். வண்டி கிளம்பிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தமிழர்களை அந்தப் பாதையில் கொன்ற ஜப்பானிய ராணுவம்தான் போஸின் கூட்டாளி. நேதாஜி படம் மாட்டிய வீடுகளில் இதைப் பேச மாட்டோம். சயாமில் செத்தவர்கள் வீட்டிலேயே நேதாஜி படமும் மாட்டியிருக்கும், எங்கள் வீட்டில் மாட்டியிருந்தது. ஒரே வீட்டிலிருந்து ஒருவன் அந்த ரயிலுக்குச் செத்ததும் ஒருத்தி அந்த ரயிலிலேயே சீருடையோடு போனதும்தான் மலாயாத் தமிழனின் யுத்தம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டால் கதை பொய்யாகிவிடும்.

பர்மாவில் அவர்கள் இருந்தது ரங்கூனிலும் மேம்யோ என்ற மலை ஊரிலும். மார்ச்சில் ஜப்பானியரும் நேதாஜி படையும் தொடங்கிய இம்பால் முற்றுகை மழையிலும் பசியிலும் ஜூலையில் உடைந்தது. ராணிகள் (படையின் பெண்களை அப்படித்தான் சொல்வார்கள்) முன்னே போக வேண்டிய நேரத்தில் ஆண்களே பின்னே வந்துகொண்டிருந்தார்கள், வயிற்றுப்போக்கோடும் மலேரியாவோடும். ஆக, துப்பாக்கிப் பயிற்சி எடுத்தவர்களில் பலர் கட்டுப் போடவும் மலச்சட்டி எடுக்கவும் நின்றார்கள். சினிமாவாக எடுத்தால் இந்தப் பகுதியை வெட்டிவிடுவார்கள்.

1945 ஏப்ரல் 24 இரவு ரங்கூனைக் காலி செய்தார்கள். மலாயாவிலிருந்து வந்த ராணிகள் போகாமல் தான் போக மாட்டேன் என்று போஸ் நின்றார், லாரிகளில் கிளம்பி, லாரிகள் சேற்றில் மாட்டி, பிறகு நடை. பகலில் மரத்தடியில் பதுங்கல், இரவில் நடை, சித்தாங் ஆற்றைக் கடப்பது, அங்கிருந்து மோல்மீன், கடைசியில் ரயிலில் பாங்காக். ஏறத்தாழ மூன்று வாரம். ஜானகி தேவர் அந்த நடையில் இருந்தார். லட்சுமி இல்லை, அவர் பர்மாவிலேயே பிடிபட்டு 1946 மார்ச்சில்தான் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

முடிவு ஒரு நாடகத்தோடு வந்தது, நிஜமாகவே நாடகம். 1945 ஆகஸ்ட் 14 மாலை சிங்கப்பூரில் இந்தப் பெண்கள் ஜான்சி ராணியின் கதையை மேடையேற்றினார்கள், போஸ் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் ஜப்பான் சரணடைந்தது வானொலியில் வந்தது. 16ஆம் தேதி அவர் கிளம்பிப் போனார், 18ஆம் தேதி தைபேயில் விமானம் விழுந்தது. போவதற்கு முன் முகாமில் இருந்த பெண்களைப் பத்திரமாக வீடு சேர்க்கப் பணத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். சீருடையைக் கழற்றிவிட்டு, கையில் கொஞ்சம் பணத்தோடு, புடவையில் பெரியாயி லயத்துக்குத் திரும்பினார். பிரிட்டிஷாரும் திரும்பினார்கள். சிங்கப்பூர் எஸ்பிளனேடில் ஜூலையில்தான் அடிக்கல் நாட்டிய நேதாஜி படை நினைவுச் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

ஏன் பேசவில்லை என்பதற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டுமா? தோற்ற பக்கம். துரை மறுபடி பங்களாவில். 1948இல் மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்தபோது துப்பாக்கி தொட்டவர் யாராக இருந்தாலும் சந்தேகம்தான். எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணப் பேச்சு. இரண்டு வருஷம் வீட்டை விட்டு வெளியே இருந்த பெண், அதுவும் பட்டாளத்தில், மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது? பெரியாயி பட்டாளத்தில் இருந்தது அவருடைய மாமியாருக்குச் சாகும்வரை தெரியாது. சிங்கப்பூரில் தாதி வேலை என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

பேசியவர்கள் அதிகாரிகள். லட்சுமி கான்பூரில் மருத்துவராக வாழ்ந்து, 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்று, 2012இல் இறந்தார். ஜானகி மலேசிய இந்தியர் காங்கிரஸை ஆரம்பித்தவர்களில் ஒருவர், செனட்டர், 2000இல் பத்மஸ்ரீ, 2014இல் இறந்தார். ராசம்மா பள்ளித் தலைமையாசிரியை, ஆசிரியர் சங்கத்தில் பெண்களுக்குச் சம ஊதியம் கேட்டவர். இவர்கள் சொன்னதால்தான் இந்தப் படை வரலாற்றில் இருக்கிறது, அதில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. கைநாட்டு ராணிகள் அந்த வரலாற்றில் "மற்றும் பலர்" என்ற இடத்தில் நிற்கிறார்கள். அந்தக் காலி இடத்தைத்தான் எங்கள் மாமாக்கள் இம்பாலைப் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருந்திருந்தால், கதையை உரசிப் பார்க்கச் சில கேள்விகள் போதும். எந்த முகாம், சிங்கப்பூரா ரங்கூனா பாங்காக்கா? பர்மாவுக்கு ரயிலில் போனாரா? எப்போது திரும்பினார், 45 மே மாதமா, ஆகஸ்ட்டுக்குப் பிறகா? துப்பாக்கிப் பிரிவா, செவிலியர் பிரிவா? சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் இருக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

பெரியாயி திரும்பிய சில மாதங்களில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார், முகாமில் கொடுத்த பணத்தில் மிச்சத்தைப் போட்டு. பெண் பிள்ளை சைக்கிள் விட்டதே தோட்டத்தில் அதுதான் முதல் என்று பாட்டி சொல்வார். ஒருநாள் ஆபீஸ் பக்கம் போகையில் எதிரில் பெரிய கிராணி. பெரியாயி இறங்கவில்லை, ஒரு கையை எடுத்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு மிதித்துக்கொண்டே போனாராம். கிராணி பதிலுக்குக் கையைத் தூக்கிவிட்டு, அப்புறம்தான் யாருக்குத் தூக்கினோம் என்று திரும்பிப் பார்த்திருக்கிறார்.